நாடிக்கட்டும் நாலாயிரம் கோடும்

முகத்தைக் கல்லில் வெட்டித் தரச் சொல்லி வருகிறவர்களில் பாதிப் பேர் முகத்தைப் பார்ப்பதே இல்லை என்பதைப் பரிபூரணம் வேலைக்குச் சேர்ந்த ஆறாவது மாதத்திலேயே கண்டுகொண்டாள். மீசையைப் பார்ப்பார்கள். கழுத்துச் சங்கிலியைப் பார்ப்பார்கள். துண்டின் கரை சரியாக விழுந்திருக்கிறதா என்று விரலை வைத்துத் தடவிப் பார்ப்பார்கள். ஒரு தடவை கான்ட்ராக்டர் ஒருவர் தன் தாயாரின் படம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க வந்தார். மேசையில் கிடந்த பேப்பரை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எல்லாம் எங்கம்மாதான். மூக்குத்தி மட்டும் இன்னுங் கொஞ்சம் பெருசா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது அவர் தாயாரே இல்லை. தளவாய்புரத்திலிருந்து வந்திருந்த அடுத்த ஆர்டர். பரிபூரணம் அவருடைய தாயாரை எடுத்து மூக்குத்தியைப் பெரிதாக்கி வைத்தாள். மறுநாள் வந்து அதைப் பார்த்தும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில் இருந்தது அந்த கிரானைட் பட்டறை. முதலாளி ஞானதுரை. வீட்டுப் பெயர்ப் பலகை, கல்லறைக் கல், அடிக்கல் எல்லாம் அங்கே வெட்டுவார்கள். தொண்ணூற்றேழில் பெங்களூரிலிருந்து ஒரு சி.என்.சி. மிஷினை இறக்கினார். கம்ப்யூட்டரில் கோடு போட்டுக் கொடுத்தால் அந்தக் கோட்டின் மேலேயே வைர முனை ஓடிக் கல்லைக் கீறும். கம்ப்யூட்டருக்கு மட்டும் கண்ணாடித் தடுப்பு வைத்து ஏ.சி. போட்டிருந்தார். அந்தத் தடுப்புக்குள் உட்கார்ந்திருப்பவள் பரிபூரணம். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. படிப்பு அஞ்சாம் வகுப்பு. வெள்ளிக்கிழமை காலையில் கம்ப்யூட்டரின் நெற்றியில் குங்குமம் வைப்பாள். ஞானதுரை அதற்கு நேர் மேலே இயேசு படம் மாட்டியிருந்தார். இரண்டு பேருக்கும் அதில் சண்டை கிடையாது.

அவள் வேலை இதுதான். கம்ப்யூட்டருக்கு மூக்கும் தெரியாது, மூக்கின் நிழலும் தெரியாது. போட்டோவில் எங்கே வெளிச்சம் முடிந்து இருட்டு ஆரம்பிக்கிறதோ அங்கே ஒரு கோடு போட்டுவிடும். ஒரு போட்டோவைப் போட்டால் நாலாயிரம் கோட்டைக் கொண்டுவந்து நிறுத்தும். அப்படியே மிஷினுக்கு விட்டால் கன்னத்து நிழல் வெட்டுக்காயமாக விழும். கழுத்து மடிப்பு தூக்குக் கயிறு மாதிரி விழும். நாலாயிரத்தில் வேண்டாததை ஒவ்வொன்றாக அழித்து இருநூறுக்குக் கொண்டுவர வேண்டும். அந்த இருநூறில் ஆள் இருக்க வேண்டும். எதை அழிப்பது, எதை விடுவது என்று தெரிந்தவள் அந்த வட்டாரத்தில் அப்போது அவள் ஒருத்திதான். தெரியாமலே பேசுகிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

அவள் இதைக் கற்றுக்கொண்டது கம்ப்யூட்டரில் அல்ல. எண்பத்து நாலில் சிவனாண்டி முதலாளியின் பேண்டேஜ் கம்பெனியில் சேர்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற காஸ் துணியையும் பேண்டேஜ் சுருளையும் கட்டுக் கட்டாக அடுக்கிச் சாக்கில் தைப்பார்கள். சாக்கின் மேல் ஊர் பெயரும் நம்பரும் மையால் அடிக்க வேண்டும். அதற்குத் தகரத்தில் எழுத்து வெட்டித் தருவது அவள் வேலை. வட்ட எழுத்தைச் சுற்றி வெட்டினால் நடுவில் இருக்கிற தகரம் கழன்று விழுந்துவிடும். அங்கங்கே சின்னதாகப் பாலம் விட வேண்டும். முதல் வாரம் அது தெரியாமல் எட்டுத் தகரத்தைப் பாழாக்கினாள். சிவனாண்டி வந்து ஒரு தகரத்தைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தார். இடது கண்ணை மூடிக்கொண்டு வலது புருவத்தை ஏற்றி அதன் வழியே அவளைப் பார்த்தார்.

"ஏட்டி மூதி, ஓட்டை இருக்கு. எழுத்து எங்க?"

அப்படித்தான் அவர் எல்லாவற்றையும் பார்ப்பார். காஸ் துணியைத் தறியிலிருந்து இழுத்து வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடி, ஒரு புருவத்தை ஏற்றுவார். இழை தப்பியிருந்தால் தறிக்காரனின் ஏழு தலைமுறையும் வெளியே வந்துவிடும். நல்ல வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. ஆனால் மகாராஜபுரத்தில் வயலை ஒத்திக்கு வைத்து நாலு தறியில் ஆரம்பித்ததை நாற்பது தறியாக்கினார். நாற்பதாவது தறிக்கும் அதே வசவுதான். பதினோரு வருஷம் பரிபூரணம் அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு மகன் சௌந்தரபாண்டியன் பொறுப்புக்கு வந்து, அச்சடித்த பிளாஸ்டிக் சாக்கு வாங்கி, தகரம் வெட்டுகிறவளுக்கு இனி வேலை இல்லை என்று மேஸ்திரியிடம் சொல்லி அனுப்பினார். நேரில் சொல்லவும் அவருக்கு நேரமில்லை.

தொண்ணூற்றொன்பதில், பங்குனி பிறந்து நாலாவது நாள் சிவனாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் காலமானார். நாற்பது தறி வைத்திருந்த மனிதருக்கு ஒரு போட்டோ இல்லை. மகன் கல்யாண ஆல்பத்தில் அவர் ஒரே ஒரு படத்தில் இருந்தார். அதுவும் சமையல் கொட்டகைப் பக்கம் திரும்பி நிற்கிற முதுகு. ஓட்டுப் போடுகிற அட்டையில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கரிச்சட்டி மாதிரி ஒரு கறுப்பு. மகன் வளர்த்த ராஜபாளையம் நாய்க்கு மட்டும் ஸ்டுடியோவில் எடுத்துச் சட்டம் போட்ட கலர் படம் மூன்று. கேட்டால், "அப்பாவுக்கு போட்டோன்னாலே புடிக்காது" என்று சொன்னார்கள். நாய்க்குப் பிடித்திருந்தது போலும்.

கல் போடுவது என்று முடிவாகி, சௌந்தரபாண்டியன் ஞானதுரையின் பட்டறைக்கு வந்தார். கூடவே அவர் மனைவியின் தம்பி சேதுபதி. சிங்கப்பூரில் இருந்து வந்தவர், வந்ததை இன்னும் யாருக்கும் மறக்க விடாதவர். சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாப்பியை எடுத்து இரண்டு விரலால் நீட்டினார்.

"பிலிம் இல்லாத கேமராவுல எடுத்தது. டிஜிட்டல். கழுவ வேண்டாம், பிரிண்டு போட வேண்டாம். நேரா உள்ள போடுங்க."

பரிபூரணம் போட்டாள். படம் மேலிருந்து மெதுவாகத் திரையில் இறங்கியது. சிவனாண்டி ஒயர் நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டிருந்தார். செத்த பிறகு எடுத்த படம். நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு. மூக்கில் பஞ்சு. வாய் பிளக்காதபடி நாடியைச் சுற்றி உச்சந்தலை வரைக்கும் வெள்ளைத் துணிக் கட்டு. அந்தக் கட்டை அவள் பார்த்த உடனே அடையாளம் கண்டுகொண்டாள். அவர் கம்பெனிப் பேண்டேஜ்தான், மூணு இஞ்சுச் சுருள். கழுத்து முழுக்க மாலை. பிணம் சாய்ந்துவிடாமல் இருக்கப் பின்னாலிருந்து ஒரு கை தோளைப் பிடித்திருந்தது. நாலு விரல் மட்டும் தெரிந்தது. ஒரு விரலில் பச்சைக் கல் மோதிரம். அதே மோதிரத்தைப் போட்ட விரல்தான் இப்போது அவள் மேசையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தது.

"முதலாளி, நாடிக்கட்டு இருக்கே" என்றாள் பரிபூரணம்.

"அதெல்லாம் கம்ப்யூட்டர் எடுத்துரும்."

"கம்ப்யூட்டருக்கு நாடிக்கட்டுன்னா என்னன்னு தெரியாது முதலாளி. நாமதான் எடுக்கணும். கண்ணும் மூடியிருக்கு, நான் பாத்து..."

"நீ ஒண்ணும் பாக்க வேண்டாம்." சௌந்தரபாண்டியன் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். "ஏ, நீ நம்ம கம்பெனியில சாக்குக்கு எழுத்து வெட்டுனவதான?"

"ஆமா முதலாளி."

"அதான பாத்தேன்." ஞானதுரை பக்கம் திரும்பினார். "சத்திரப்பட்டியில ஒருத்தர் தாத்தாவுக்குக் கல் போட்டாவ. போட்டோவைத் திருத்துறேன்னு திருத்தி, தாத்தா சினிமாக்காரன் மாதிரி வந்து நிக்காரு. ஊரே சிரிக்கி. எங்கப்பா விஷயத்துல அந்தக் கோமாளித்தனம் கூடாது. போட்டோவுல என்ன இருக்கோ அது. ஒரு கோடு குறையக் கூடாது."

"கம்ப்யூட்டர்ல வர்றது நூத்துக்கு நூறு கரெக்டா வரும் அத்தான்" என்றார் சேதுபதி. "மனுசன் கை பட்டாத்தான் கெட்டுப்போகும்."

ஒரு தாளில் அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள். அவர்கள் கார் கிளம்பியதும் பரிபூரணம் ஞானதுரையைப் பார்த்தாள். ஞானதுரை மேலே இயேசுவைப் பார்த்தார்.

"எழுதிக் குடுத்துட்டாவளே பரிபூரணம். நம்ம என்ன செய்ய? அவுக அப்பா, அவுக கல்லு."

"அவுக அப்பாதான் சார். ஆனா இது அவரு பொணம்லா."

மூன்றாம் நாள் உச்சி வெயிலில் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு அம்மாள் பட்டறைக்குள் வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. கையில் மஞ்சப்பை. கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். சிவனாண்டியின் மனைவி வெள்ளத்தாய். முப்பதாம் நாள் காரியம் கழிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பரிபூரணம் பதறி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அம்மா, நீங்க எதுக்கு பஸ்ஸுல? சொல்லி விட்டா நான் வர மாட்டனா?"

"கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். அங்க வீட்டுல கல்லைப் பத்தி அம்புட்டுப் பேரும் பேசுதாவ. என்கிட்ட ஒருத்தர் கேக்கல." வெள்ளத்தாய் ஏ.சி. குளிருக்கு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "அந்தப் படத்தைப் பாத்தேன் தாயி. அதையா வெட்டப் போறிய?"

"அப்படியே வெட்டணும்னு எழுதிக் குடுத்திருக்காவம்மா."

"கல்லை எங்க வைக்காவ தெரியுமா? மகாராஜபுரம் தோப்புல. நான்தான் அங்கயே இருந்து தினமும் வெளக்கேத்தணும். அவியள முன்னோரா நினைச்சுக் கும்பிடணும். கட்டுப்போட்ட பொணத்துக்கு முன்னால வெளக்கேத்தினா அது கும்பிடுறதாட்டி? அன்னிக்கே எடுத்திட்டுப் போன பொணத்தைத் தெனம் தெனம் வாசல்ல வச்சுக்கிட்டு இருக்கிறதுல்லா?" அவள் குரல் இறங்கியது. "எனக்கு அவிய மொகம் மறந்துக்கிட்டு வருது தாயி. கண்ணை மூடுனா அந்தக் கட்டுதான் வருது. நீ பதினோரு வருசம் பாத்தவ. கண்ணைத் தொறந்து வச்சிரு."

பரிபூரணம் மனசுக்குள் மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எழுதிக் கொடுத்த தாள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. கம்ப்யூட்டர் போட்ட நாலாயிரம் கோட்டையும் ஒரு பைலில் பத்திரமாக வைத்தாள். அதற்குப் பக்கத்தில் இன்னொரு பைல் திறந்து அழிக்க ஆரம்பித்தாள். முதலில் நாற்காலி. பிறகு மாலை; அது மட்டும் இரண்டாயிரம் கோடு. மோதிரத்தோடு அந்த நாலு விரல். காசு, பஞ்சு, கட்டு. எல்லாம் போன பிறகு காதும் தலைமுடியும் மூக்கும் மிஞ்சின. கண்ணை அவளே போட்டாள். நாடியை அவளே போட்டாள். இரண்டு கண்ணும் நேராகப் பார்க்க, உதட்டோரம் லேசாக ஏறியிருக்க, படத்தில் வருகிற பெரியவர் மாதிரி ஒரு முகம் வந்தது.

வெள்ளத்தாய் மூக்குக்கண்ணாடியை மாட்டிப் பார்த்தாள்.

"இது யாருட்டி?"

"முதலாளிதாம்மா."

"சிரிக்காவ?"

"லேசா."

"அவியளா? என் கழுத்துல தாலி கட்டுன அன்னிக்கே சிரிக்கல. நல்லா நெனச்சுப் பாரு. துணியைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு ஒரு பார்வை பாப்பாவளே."

பரிபூரணம் உதட்டுக் கோட்டை இறக்கினாள். இடது கண்ணைப் பாதி மூடினாள். வலது புருவத்தை எடுத்து மேலே ஏற்றினாள்.

"இன்னுங் கொஞ்சம்."

ஏற்றினாள்.

"நெத்தியில ரெண்டு சுருக்கம் போடு. கோவம் வந்தா விழும்."

ஒரு சுருக்கம் விழுந்தது. இரண்டாவது விழும்போது வெள்ளத்தாய் சட்டென்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"அவியதான். இந்தா, வையப் போறாவ" என்றாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்ததில் இருமல் பிடித்துக்கொண்டது.

ஆனால் கையெழுத்துப் போட்டவர் மகன். கல் வெட்டுகிற அன்று சௌந்தரபாண்டியனும் சேதுபதியும் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பரிபூரணம் இரண்டு பைலையும் காட்டினாள். இருநூறு கோட்டுப் படத்தைக் கண்டதும் சௌந்தரபாண்டியன் முகம் சிவந்தது.

"என்னது இது? எங்கப்பா என்னை மொறைக்காரு!"

"அவிய அப்படித்தான முதலாளி பாப்பாவ?"

"ஏத்தம் பேசாத. மத்ததைக் காட்டு."

நாலாயிரம் கோட்டுப் படம் திரையில் கம்பி வலை மாதிரி நிறைந்து நின்றது. அதில் யார் இருக்கிறார்கள், எங்கே இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க ஒருவரும் நிற்கவில்லை.

"ஆங்! எம்புட்டு வேலைப்பாடு பாருங்க அத்தான்" என்றார் சேதுபதி. "அதுல கால்வாசிகூட இதுல இல்ல. ஏமாத்தப் பாத்திருக்கா."

"இதையே விடு" என்றார் சௌந்தரபாண்டியன்.

விட்டாள். மிஷின் ஒன்பது மணி நேரம் ஓடியது. மாலையின் ஒவ்வொரு இதழையும் கீறியது. நாற்காலியின் ஒவ்வொரு ஒயரையும் பின்னியது. தண்ணீர் பீச்சிக்கொண்டே வெட்டுவதால் கல்லின் மேல் சேறுதான் தெரியும், படம் தெரியாது. ரெண்டு பேரும் காபி குடித்துக்கொண்டு சேற்றை ரசித்தார்கள்.

மறுநாள் கல்லைக் கழுவிக் காயவைத்து, கீறலில் வெள்ளைப் பெயிண்டைத் தேய்த்து, மேலே வழிந்ததைத் துடைத்து எடுத்தார்கள். அப்போதுதான் கறுப்புக் கல்லில் படம் எழும்பும். சௌந்தரபாண்டியன் சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேரை வேனில் அழைத்துக்கொண்டு வந்திருந்தார். துடைக்கத் துடைக்க முதலில் நாற்காலி வந்தது. மாலை வந்தது. பிறகு நெற்றியில் வட்டமாகக் காசு, அதில் எழுதியிருந்த ஒண்ணு வரைக்கும். மூக்கில் ரெண்டு பொதி. நாடியைச் சுற்றிக் கட்டு, அதன் இழை தெரிய. தோளில் நாலு விரல், மோதிரத்தோடு.

வந்திருந்தவர்களில் ஒரு பெண், பழக்க தோஷத்தில், வாயில் சேலையை வைத்து ஒப்பாரியை எடுத்தேவிட்டாள். இன்னொருத்தி அவளை இடித்து நிறுத்தினாள்.

சௌந்தரபாண்டியன் கல்லின் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். பிறகு கத்தினார்.

"எங்கப்பாவுக்கு யாருட்டி நாடிக்கட்டுப் போட்டது?"

"நீங்கதான் முதலாளி" என்றாள் பரிபூரணம். சத்தமே இல்லாமல்தான் சொன்னாள். பட்டறை முழுக்கக் கேட்டது. "விரல்கூட இருக்கே."

சௌந்தரபாண்டியன் கையைப் பின்னால் கொண்டுபோனார். சேதுபதி வேன் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார். ஞானதுரை, கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துவந்து மேசையில் விரித்து வைத்தார்.

கல் நடுகிற நாள் குறித்துப் பத்திரிகை கொடுத்தாயிற்று. நாலு நாள்தான் இருந்தது. அந்த அளவில் வேறு கல் கிடையாது. கடைசியில், அதே கல்லின் பின்பக்கத்தை ரெண்டு நாள் தேய்த்துப் பளபளப்பாக்கி, அதில் வெட்டித் தருவது என்று முடிவானது.

"எதை வெட்ட?" என்று கேட்டாள் பரிபூரணம்.

சௌந்தரபாண்டியன் சொந்தக்காரர்களைப் பார்த்தார். "எதையாவது வெட்டு" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார்.

அவள் எதையாவது வெட்டவில்லை. இருநூறு கோட்டையும் மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்து, நெற்றிச் சுருக்கத்தைக் கொஞ்சம் ஆழமாக்கி மிஷினுக்குக் கொடுத்தாள். இரண்டு மணி நேரத்தில் சிவனாண்டி வந்துவிட்டார்.

தோப்பில் கட்டியிருந்த சின்ன மண்டபத்தின் பின்சுவரில் கல்லைப் பதித்தார்கள். நாற்காலியும் மாலையும் காசும் கட்டும் நாலு விரலும் சிமெண்டுக்குள் போயின. மைக் செட் கட்டி, சாமியானா போட்டு, ஊரைக் கூட்டித் திரையை விலக்கினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பழைய தறிக்காரர் நாலைந்து பேர் தோளிலிருந்த துண்டை அவர்கள் அறியாமலே எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். சௌந்தரபாண்டியன் மைக்கைப் பிடித்து, அப்பாவின் முகம் தன் நெஞ்சில் பதிந்திருந்ததால் போட்டோ இல்லாமலே தானே பக்கத்தில் இருந்து சொல்லிச் சொல்லி வரைய வைத்ததாகப் பேசினார். சேதுபதி கை தட்டினார். சாப்பாட்டுப் பந்தியில் பட்டறை ஆட்களுக்கு மூன்றாவது வரிசையில் இடம் கிடைத்தது. பரிபூரணத்துக்கு அதில் வருத்தம் இல்லை. முதல் வரிசையில் இருந்தவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால் தொண்டையில் இறங்கியிருக்காது.

ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிளவக்கல் பக்கம் நேர்த்திக்கடனுக்குப் போய்விட்டுத் திரும்புகிற வழியில் பரிபூரணம் தோப்புப் பக்கம் இறங்கினாள். சாயங்காலம். மண்டபத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெள்ளத்தாய் முதுகு காட்டி நின்றாள். அவள் ஏதோ மந்திரம் சொல்லுகிறாள் என்று நினைத்து, பரிபூரணம் செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் பக்கத்தில் போனாள்.

"மொறைக்காதீய. மேலத் தென்னைக்குத் தண்ணி பாச்சியாச்சு" என்று கல்லைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள் வெள்ளத்தாய். "கீழத் தென்னைக்கு மோட்டார் ரிப்பேர். நாளைக்கு ஆள் வருதான். அதுக்குமா என்னைய வைவீய?"